டசோன் பே-பெர்-வியூ: நாகர்கோவிலில் இருந்து காசு கட்டலாமா?

மாதச் சந்தா கட்டினால் போதும், எல்லாக் குத்துச்சண்டையும் பார்க்கலாம் என்றுதான் விளையாட்டு நேரலை ஆப்பான டசோன் (DAZN) 2018-ல் அமெரிக்காவுக்குள் நுழைந்தது. மெக்சிகோவின் நட்சத்திரக் குத்துச்சண்டை வீரர் கனெலோ அல்வாரெஸுடன் 11 சண்டைகளுக்கு 36.5 கோடி டாலர் ஒப்பந்தம். பே-பெர்-வியூ, அதாவது ஒவ்வொரு சண்டைக்கும் தனிக் காசு கட்டும் முறை, செத்துவிட்டது என்று விளம்பரம் வேறு. நாலு வருஷம்கூடத் தாங்கவில்லை. 2022 மே 7, கனெலோ–பிவோல் சண்டைக்கு அமெரிக்காவில் சந்தாதாரரிடமே தனியாக 59.99 டாலர் வாங்கினார்கள். சந்தா இல்லாதவருக்கு 79.99. அதனால் 'சந்தா இருக்கே' என்று நம்பி இருக்காதீர்கள். அந்தச் சண்டையின் பக்கத்தைத் திறந்து, தனி விலை போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விலை நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்க யூடியூபர் சொல்லும் டாலர் தொகையை ரூபாயாக்கிப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பணம் கட்டுவதில்தான் பலர் மாட்டுவார்கள். 2020 அக்டோபர் முதல் வந்த வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அடைத்தே வரும். வங்கி ஆப்பில் அதைத் திறந்து, உச்சவரம்பைக் குறைவாக வைத்து, சண்டை முடிந்ததும் மூடிவிடுங்கள். டாலரில் பிடித்தால் வங்கி தன் மாற்றுக் கட்டணத்தையும் அதற்கு ஜிஎஸ்டியையும் மேலே போடும். சந்தாவோடு சேர்த்து விற்றால், தானாகப் புதுப்பிக்கும் வசதியை அன்றைக்கே நிறுத்துங்கள்.

வாங்குவதை எடை பார்க்கும் வரை தள்ளிப்போடுவது நல்லது. 2024 ஏப்ரல் 20, ஹேனி–கார்சியா சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வரம்பு 140 பவுண்டு. முந்தின நாள் தராசில் ரயன் கார்சியா 143.2. பட்டம் அவருக்கு எட்டாமல் போனது. சண்டையில் ஜெயித்தார், பிறகு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார், முடிவே ரத்தானது. பார்த்தவர் காசு? 2015 மே 2, மேவெதர்–பாக்கியாவ் சண்டையில் அதற்கு விடை இருக்கிறது. அங்கே ஹெச்டியில் 99.95 டாலர், சுமார் 46 லட்சம் பேர் வாங்கினார்கள். பாக்கியாவின் தோள்பட்டைக் காயத்தை மறைத்தார்கள் என்று ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளுபடி செய்துவிட்டது: முழுச் சண்டையைப் பார்த்தீர்கள் அல்லவா, அவ்வளவுதான்.

விலையைவிடக் கவனிக்க வேண்டியது, யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்பது. குளச்சலில் மீனை ஏலம் கூறுகிறவரே வாங்குகிறவராகவும் இருந்தால் விடுவோமா? குத்துச்சண்டையில் இது சகஜம். தரவரிசை போடும் 'தி ரிங்' இதழை 2007-ல் வாங்கியது முன்னாள் வீரர் ஆஸ்கர் டி லா ஹோயாவின் கோல்டன் பாய், அதுவும் சண்டை நடத்தும் நிறுவனம். 2024-ல் அந்த இதழ், ரியாத் சீசன் என்ற பெயரில் பெரிய சண்டைகளை நடத்தும் சவூதிப் பொழுதுபோக்கு ஆணையத்தின் தலைவர் துர்கி அல் அல்ஷிக் கைக்குப் போனது. பட்டம் கொடுக்கும் அமைப்புகளோ வீரரின் சம்பளத்தில் பொதுவாக 3 சதவீதம் எடுக்கின்றன. பெரிய பெயர் மோதினால் அவர்களுக்கும் லாபம். வீரரின் மேலாளரும் சண்டையை நடத்தும் புரமோட்டரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று அமெரிக்காவின் 2000-ஆம் வருஷத்து முகமது அலி சட்டம் சொல்கிறது. ரியாத்தில் அது செல்லாது.

வர்ணனையும் அப்படியே. டசோன், சண்டை நடத்தும் மேட்ச்ரூம் நிறுவனத்தின் கூட்டாளி, மேட்ச்ரூம் வீரருக்கு மைக்கில் கொஞ்சம் சர்க்கரை கூடும். சத்தத்தை அணைத்துவிட்டு, ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்று நீங்களே தாளில் எழுதிப் பாருங்கள். 2017 கனெலோ–கோலவ்கின் சண்டைக்கு நடுவர் அடலெய்ட் பெர்ட் கனெலோவுக்குச் சாதகமாக 118–110, அதாவது பன்னிரண்டில் பத்து ரவுண்டு, போட்டது எவ்வளவு அபத்தம் என்று அப்போதுதான் உறைக்கும்.

படத்தரம் நன்று, வைஃபையை விட்டு லேன் கேபிளில் டிவியை இணைத்தால் திக்கல் குறையும். நேரலை சில நொடிகள் பிந்தித்தான் வரும், வாட்ஸாப்பை மூடி வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ரவுட்டருக்கு மினி யுபிஎஸ் அவசியம்.

லாஸ் வேகாஸ் என்றால் முக்கியச் சண்டை நமக்கு ஞாயிறு காலை எட்டரை, ஒன்பதரை வாக்கில், சரியாகப் பூசை நேரம். ரியாத், லண்டன் என்றால் விடியற்காலை மூன்று, நாலு மணி. நான்கு பெரிய அமைப்புகளின் பட்டமும் ஒருவருக்கே போகும் சண்டை என்றால் வாங்கலாம். யூடியூபர் சண்டைக்கு வேண்டவே வேண்டாம். 2024 டைசன்–பால், 2025 கனெலோ–கிராஃபோர்ட் இரண்டையும் நெட்ஃபிளிக்ஸ் தனிக் கட்டணமில்லாமல் சந்தாவிலேயே காட்டியது. ஆனால் அதன் 149 ரூபாய்த் திட்டம் டிவியில் ஓடாது, 199 எடுக்க வேண்டும்.