புதுப் பாட்டைக் காட்டுவது எது, பாடியவரின் பெயரைச் சொல்வது எது?

அக்கா மகள் போன மாதம் வெள்ளவத்தை வீட்டுக்கு வந்திருந்தபோது தன் போனில் 20 செக்கன் பாட்டொன்றைப் போட்டுக் காட்டினாள். ஒரு கிட்டார், ஒரு பெண் குரல், அவ்வளவுதான். தமிழ்ப் பாட்டு, ஆனால் சினிமாத் தமிழ் இல்லை. பேச்சில் மட்டக்களப்புப் பக்கத்துச் சாயல் இருந்தது. முழுதாகக் கேட்க வேண்டும் போல் இருந்தது எனக்கு.

“இது ஆர் பாடினது?”

“தெரியேல்லை மாமா. ரீல்ஸில வந்தது. பாட்டைக் கண்டுபிடிச்சுச் சொல்லுற ஷசாமும் பிடிக்குதில்லை.”

அந்தப் பாட்டையும் அதைப் பாடியவரையும் பிடிக்க எங்களுக்கு ஒன்பது நாள் எடுத்தது. புதுக் கலைஞர்களைத் தேட நான் வழக்கமாகப் பயன்படுத்தும் எல்லா வழிகளையும் அந்த ஒன்பது நாளில் வரிசையாகத் தட்டிப் பார்த்தோம். இந்த ஒப்பீடு அப்படித்தான் பிறந்தது.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தச் செயலியில் பாட்டு அதிகம், எதற்குக் கட்டணம் குறைவு என்று நான் பார்ப்பதில்லை. ஒரு பாட்டுக்குப் பின்னால் குறைந்தது நான்கு பெயர் இருக்கும்: பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், மிக்சிங் செய்தவர், அதாவது பதிவான குரலையும் வாத்தியங்களையும் அளவாகச் சேர்த்தவர். இதில் எத்தனை பெயரை ஒரு வழி எனக்குச் சொல்கிறதோ, அத்தனை தூரம் அது என்னைக் கூட்டிப்போகும். பாடகர் பெரும்பாலும் ஒரு வகை இசைக்குள்தான் நிற்பார். மிக்சிங் செய்பவரிடமோ ராப்பும் வரும், ரொக்கும் வரும், தேவாலயப் பாட்டும் வரும். வேறு வகை இசைக்குள் போக விரும்புகிறவருக்கு அந்த நாலாவது பெயர்தான் பெரிய சொத்து.

ரீல்ஸும் டிக்டொக்கும்

வேகத்தில் இவற்றை எதுவும் அடிக்காது. யாழ்ப்பாணத்தில் ஒரு அறைக்குள் நேற்றுப் பதிவான குரல் இன்று காலை வெள்ளவத்தையில் கேட்கிறது. நானே தேடியிருந்தால் ஒருநாளும் போயிருக்காத மூலைகளிலிருந்து பாட்டுகளைக் கொண்டுவந்து காட்டுவது இவைதான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பெயர் விடயத்தில் கைவிட்டுவிடுகின்றன. யாரோ ஒருவர் பாட்டை வெட்டித் தன் வீடியோவில் போட்டால், ஒலிக்குச் சொந்தக்காரராக அவர் பெயரே நின்றுவிடுகிறது. எங்கள் பாட்டிலும் அதுதான் நடந்தது. கீழே இருந்தது மருதாணி போடும் ஒரு பெண்ணின் பெயர்.

நாம் எல்லோரும் அறிந்த உதாரணம் ஒன்று. 2021 மே மாதம் யோஹானி பாடி யூடியூப்பில் வந்த ‘மெனிகே மகே ஹித்தே’ இந்தியா முழுக்கப் போனது. அது 2020இல் சதீஷன் ரத்நாயக்க வெளியிட்ட பாட்டின் மறுவடிவம். வரிகள் துலான் ஏஆர்எக்ஸ், இசை சமத் சங்கீத். ரீல்ஸில் அதற்கு ஆடிய எத்தனை பேருக்கு இந்தப் பெயர்கள் போய்ச் சேர்ந்திருக்கும்? துலான் ஒரு ராப் பாடகர். அவர் பெயரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் சிங்கள ராப் முழுவதும் திறந்திருக்கும்.

வானொலி

எங்கள் வீட்டில் பெயர் சொல்லும் பழக்கமே வானொலியிலிருந்து வந்தது. அம்மாவுக்கு எந்தப் பழைய பாட்டைப் போட்டாலும் பாடியவர், கவிஞர், இசையமைப்பாளர் மூன்றும் வாயில் வரும். இலங்கை வானொலியில் மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் போன்ற அறிவிப்பாளர்கள் பாட்டுக்கு முன்னும் பின்னும் அந்தப் பெயர்களைச் சொன்னார்கள். கேட்டுக் கேட்டே அம்மாவுக்குப் பாடமாகிவிட்டது. சினிமாவுக்கு வெளியே நம் கவிஞர்களின் வரிகளுக்கு இங்கேயே மெட்டமைத்துப் பாடிய ஈழத்து மெல்லிசைப் பாடல்களும் அந்த நிலையத்தில்தான் வளர்ந்தன. பாடகர் எஸ். கே. பரராஜசிங்கத்தை அங்கே மறக்க முடியாது.

ஆங்கிலப் பக்கத்தில் இந்தப் பொறுப்பை வேறு விதமாக எடுத்தார்கள். யெஸ் எஃப்எம் உள்ளூர் ஆங்கிலப் பாட்டுகளுக்கு என்றே ஒரு தரவரிசை நடத்தியது. டிஎன்எல் நடத்திய ‘ஒன்ஸ்டேஜ்’ போட்டி, கராஜில் வாசித்துக்கொண்டிருந்த பொடியன்களை மேடைக்குக் கொண்டுவந்தது. தமிழில் அப்படி ஒரு தரவரிசை, வாரம் தவறாமல், நல்ல நேரத்தில் வர வேண்டும் என்று எனக்கு நீண்ட நாள் ஆசை. சூரியன், சக்தி, வசந்தம் எதைத் திருப்பினாலும் பெரும்பங்கு தமிழ்நாட்டுத் திரைப்பாடல்கள்தான்.

ஒரு நிலையத்துக்கு நானே போன் எடுத்தேன். அதற்கு இரண்டு நாள் முன்னர் இரவில் அவர்கள் போட்ட உள்ளூர்ப் பாட்டொன்றின் பெயரைக் கேட்டேன். “குறிச்சு வைக்கேல்லை அண்ணை” என்றார் எடுத்தவர். அவருடைய குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. ஆனால் பெயர் கிடைக்கவில்லை.

இருந்தாலும் வானொலியை நான் விடமாட்டேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில், பேட்டரி ரேடியோ ஒன்றுதான் வீட்டில் பேசியது. நான் தெரிவு செய்யாத பாட்டு, எனக்குத் தெரியாத மொழியில், இருட்டில் வந்து காதில் விழுந்தது. சிங்கள நாட்டார் மெட்டோடு பேஸ் கிட்டார் கலந்த இசையை நான் உட்கார்ந்து கவனித்துக் கேட்டது அப்போதுதான். என் ரசனையைப் படித்து வைத்திருக்கும் செயலி எதுவும் அதை எனக்குத் தந்திருக்காது.

ஸ்பொட்டிஃபை

இலங்கைக்கு இது வந்தது 2021 பெப்ரவரியில். திங்கட்கிழமைதோறும் 30 பாட்டோடு ‘டிஸ்கவர் வீக்லி’ வரும். வெள்ளிக்கிழமைகளில் ‘ரிலீஸ் ரேடார்’ வரும். இரண்டும் ஒன்று போலத் தெரிந்தாலும் வேலை வேறு.

டிஸ்கவர் வீக்லி, என்னைப் போலக் கேட்பவர்கள் வேறு என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து அனுப்புகிறது. ஒரு வகை இசைக்குள் ஆழமாக இறங்க இது மிக நல்ல கருவி. ஜாஸ் கேட்கத் தொடங்கிய புதிதில் எனக்குப் பியானோக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக அறிமுகப்படுத்தியது இதுதான். ஆனால் 50 பேர் மட்டுமே கேட்டிருக்கும் புதுப் பாட்டைப் பற்றி அதற்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. கேட்டவர்களின் தடத்தை வைத்துத்தான் அது வழி காட்டுகிறது; தடம் விழாத இடத்துக்கு அது போகாது. அத்தோடு கொழும்பில் நாம் கேட்கும் முறையும் அதைக் குழப்புகிறது. அம்மாவுக்காக ஒரு வாரம் கர்நாடக வயலின் ஓடவிட்டேன். அடுத்த இரண்டு திங்களும் வயலின்தான் வந்தது.

கலைஞர் பக்கத்தையும் பார்க்க வேண்டும். 2024 முதல், முந்தைய 12 மாதங்களில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பொட்டிஃபை உரிமத்தொகை கொடுப்பதில்லை. ஒரு தடவை என்று கணக்கில் சேர 30 செக்கனாவது ஓட வேண்டும். தொடங்கும் ஒருவருக்கு அந்த ஆயிரம் சின்ன மலை இல்லை. எனக்குப் பிடித்த புதுப் பாட்டை அங்கே கேட்டால், பாதியில் தாண்டாமல் முழுதாக ஓடவிடுகிறேன்.

ரிலீஸ் ரேடாரின் கதை வேறு. நீங்கள் பின்தொடரும் கலைஞர் புதிதாக ஒன்று போட்டால் அது வெள்ளிக்கிழமை வந்து நிற்கும். ஆளைக் கண்டுபிடிக்க வேறு வழி, கண்டுபிடித்த ஆளைத் தவறவிடாமல் இருக்க இது. பாட்டுக்குப் பின்னால் உள்ள பெயர்களும் மெனுவுக்குள் இருக்கின்றன; ஆனால் பல உள்ளூர்ப் பாட்டுகளில் அந்த இடம் அரைகுறையாகத்தான் நிரப்பப்பட்டிருக்கும்.

யூடியூப்

எங்கள் பாட்டு கிடைத்தது இங்கேதான், ஏழாம் நாள் இரவில்.

கேட்ட வரியைத் தமிழ் எழுத்தில் போட்டுத் தேடினோம். சினிமாப் பாட்டாகவே வந்து குவிந்தது. பிறகு அக்கா மகள் அதே வரியை ஆங்கில எழுத்தில், நாம் வாட்ஸ்அப்பில் தட்டுவது போல் தட்டினாள். மூன்றாவதாக வந்து நின்றது. இளம் கலைஞர்கள் பலர் தமிழ்ப் பாட்டுக்கும் தலைப்பை ஆங்கில எழுத்தில்தான் வைக்கிறார்கள். இரண்டு விதமாகவும், எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றியும் தேட வேண்டும். ‘புதிய தமிழ்ப் பாடல்’ என்று தேடுவது வீண் வேலை.

அந்த வீடியோவை அதுவரை 400 பேர்கூடப் பார்த்திருக்கவில்லை. கீழே விவரத்தில் எல்லாப் பெயரும் இருந்தது: பாடி எழுதியவர், கிட்டார், மிக்சிங், ஸ்டூடியோ, படம் பிடித்தவர், தேநீர் கொடுத்த பாட்டி வரை. ஸ்டூடியோ கொட்டாஞ்சேனையில். மிக்சிங் செய்தவரின் பெயரைத் தேடினால் அவர் கைபட்ட ஏழெட்டுப் பாட்டுகள் வந்தன: இரண்டு சிங்கள ஆர் அண்ட் பி, ஒரு ஆங்கில ரொக் குழு, ஒரு கிறிஸ்தவத் தமிழ்ப் பாட்டு, மீதி ராப். ஒரு இரவில் நான்கு வகை இசை, மூன்று மொழி. அதில் அந்த ரொக் குழுவை இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதே முறை எனக்கு முன்பும் பலித்திருக்கிறது. இலங்கையில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஷான் வின்சன்ட் டி போலின் ராப்பைக் கேட்டபோது, பின்னால் மிருதங்கம் வாசித்தது யார் என்று பார்த்தேன். டொரொண்டோவில் இருக்கும் யாஞ்சன். அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு ராப்பிலிருந்து தனி ஆவர்த்தனத்துக்கும், அங்கிருந்து மறுபடி பீட்டுக்கும் போய்வந்தேன்.

யூடியூப்பின் குறை, பாட்டு முடிந்தவுடன் வரும் அடுத்த பாட்டு. 400 பேர் பார்த்ததிலிருந்து ஒரே தாவலில் கோடிப் பேர் பார்த்த படப்பாட்டுக்குக் கொண்டுபோய்விடும். அந்தத் தானியங்கிப் பொத்தானை அணைத்து வையுங்கள். மற்றபடி, யூடியூப்புக்கென்றே டேட்டா பக்கேஜ் கிடைக்கும் நாட்டில், செலவுக் கணக்கிலும் இதுவே முன்னால் நிற்கிறது.

பேண்ட்கேம்ப், சவுண்ட்கிளவுட்

பேண்ட்கேம்ப், கலைஞர்கள் தங்கள் பாட்டைக் கேட்பவருக்கு நேரடியாக விற்கும் தளம். வகை வாரியாக, ஊர் வாரியாகத் தேட அது போல வசதி வேறெங்கும் இல்லை. இலங்கை என்ற ஊர்க்குறியைத் தட்டினால் மெட்டலும் எலக்ட்ரானிக்கும் தாராளமாக வரும். ஒரு ஆல்பத்தின் கீழே அதை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் இருக்கும். ஒன்றைத் தட்டினால் அவர் வேறு என்ன வாங்கினார் என்று பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கிய ஒரு மனிதரின் அலுமாரியைப் பார்ப்பது எனக்கு எந்தக் கணக்கீட்டையும் விட நம்பிக்கையானது. இங்குள்ள ஜெனோசைட் ஷ்ரைன்ஸ் என்ற மெட்டல் குழுவைத் தேடிப்போய், அவர்களை வெளியிட்ட பெங்களூரு நிறுவனமான சைக்ளோப்பியன் ஐ வழியாக இந்திய மெட்டலுக்குள் போனேன்.

டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது பொதுவாக 15 வீதம். மீதியில் கட்டணச் செலவு போகக் கலைஞருக்கு. 2020 மார்ச்சில் தொடங்கிய ‘பேண்ட்கேம்ப் வெள்ளி’ நாட்களில் அந்தப் பங்கையும் விட்டுக்கொடுக்கிறார்கள். ஆனால் விலை டொலரில். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறிய பிறகு, ஒரு ஆல்பம் வாங்க நான் மாதக் கணக்குப் பார்க்கிறேன். தமிழ்ப் பாட்டுகளும் அங்கே மிகக் குறைவு. எங்கள் பாட்டு அங்கே இல்லை.

சவுண்ட்கிளவுட்டில் பீட் செய்பவர்களும் அரைகுறையாகப் போட்டுப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். ராப் தேடுகிறவருக்குப் பயன்படும்.

நேரில்

கொள்ளுப்பிட்டி பெயார்ஃபுட் முற்றத்தின் ஞாயிறு ஜாஸ் நீண்ட காலமாகப் பெயர்பெற்றது. லயனல் வெண்ட் அரங்கில் நாடகத்தோடு இசை நிகழ்ச்சிகளும் நடக்கும். பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்தில் அரங்கேற்றம் என்றால், பக்கவாத்தியக்காரர்களைப் பார்க்கவே நான் போவேன். பலிஃபோனிக்ஸ் என்ற குழு, தென்பகுதிச் சிங்களவரின் ‘பலி’ என்ற கிரக சாந்திச் சடங்கின் பாட்டையும் பறையையும் டபுள் பேஸோடும் டிரம்ஸோடும் சேர்த்தது. டிரம்ஸ் சுமுதி சுரவீர. அவர் பெயர் வழியே போனால் கொழும்பின் மியூசிக் மேட்டர்ஸ் இசைப்பள்ளி வரும். அங்கிருந்து அடுத்த தலைமுறை வாசிப்பவர்கள் வருவார்கள்.

நேரில் போவதற்குச் செலவு உண்டு. இரவு பத்துக்குப் பிறகு காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ்ஸுக்கு நிற்க வேண்டும், இல்லையென்றால் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்க வேண்டும். அக்கா மகளைத் தனியே அனுப்ப அக்கா சம்மதிக்க மாட்டார். ஒரு மண்டபத்தில் ஒலிபெருக்கி செய்த அநியாயத்தில் வரிகள் ஒன்றும் காதில் ஏறாமல் திரும்பி வந்தும் இருக்கிறேன்.

ஆனாலும் என் நான்கு பெயரும் மூச்சு விட்டபடி எதிரில் நிற்கும் இடம் இது ஒன்றுதான். கொழும்பில் தமிழ் மேடை, சிங்கள மேடை, ஆங்கில மேடை என்று கேட்பவர்கள் பிரிந்து இருக்கிறோம். டிரம்ஸ் வாசிப்பவர் மூன்றிலும் இருப்பார். நிகழ்ச்சி முடிந்து அவர் கருவிகளைக் கழற்றும்போது கிட்டப் போய், வேறு யாரோடு வாசிக்கிறீர்கள் என்று கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் ஐந்து பெயர் சொல்வார். இதுவரை ஒருவரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை.

பாட்டைக் கண்டுபிடித்ததும் பாடகிக்குச் செய்தி அனுப்பியிருந்தோம். ஒன்பதாம் நாள் அவரே பதில் அனுப்பினார். அவர் அடுத்த மாதம் பம்பலப்பிட்டியில் இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து பாடுகிறாராம். மூன்று டிக்கெட் எடுத்தாயிற்று, அக்காவும் வருகிறார். டிரம்ஸ் யார் என்று அக்கா மகள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.