கடலோரப் பட்டறையில் வள்ளத்து எஞ்சின் பழுதுபார்த்த அனுபவம்

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையே உள்ள ஓர் ஊரில், அலை ஏறி இறங்கும் இடத்திலிருந்து அறுபது எழுபது அடி தள்ளி, தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வள்ளங்களின், அதாவது சிறு மீன்பிடிப் படகுகளின், எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதே அங்கு நடக்கும் வேலை. கடந்த ஜூன் மாதம் எங்கள் எஞ்சினை அங்கே கொடுத்து வாங்கினோம். கரையில் வள்ளம் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கும் என் தம்பிக்கும் பொதுவாக ஒரு ஃபைபர் வள்ளமும், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் 9.9 குதிரைத்திறன் எஞ்சினும் உள்ளன. கடலுக்குப் போவது தம்பி. கணக்குப் பார்ப்பதும், எஞ்சின் படுத்துவிட்டால் அதைத் தூக்கிக்கொண்டு அலைவதும் என் பொறுப்பு. அன்று விடியுமுன் கிளம்பிய வள்ளம் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டது. எஞ்சின் சூடேறித் தானாகவே நின்றதாகவும், மீதி வழியைத் துடுப்புப் போட்டு வந்ததாகவும் தம்பி சொன்னான். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை பெரிய விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். (இதே மாவட்டத்தின் சின்னமுட்டத்துப் படகுகளுக்கோ கிழக்குக் கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, இது வெளியூர்க்காரர்களுக்கு விளங்கச் சற்று நேரம் பிடிக்கும்.) வள்ளங்களுக்கு இந்தத் தடை இல்லை. கடல் மூர்க்கமாக இருக்கும் மாதங்கள்தாம் என்றாலும், இறங்க முடிந்த நாளில் கிடைக்கும் சாளையும் நெத்தோலியும் ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும். அந்த வாரங்களில் எஞ்சின் கரையில் கிடப்பது போன்ற நட்டம் வேறில்லை.

முந்தைய ஆண்டு இதேபோன்ற ஒரு பழுதுக்கு, நகரத்தில் நெடுஞ்சாலையோரம் உள்ள ஒரு பெரிய பணிமனைக்குப் போயிருந்தோம். கண்ணாடிக் கதவு, டோக்கன், கணினி ரசீது எல்லாம் அங்கே உண்டு. நாளை மறுநாள் வாருங்கள் என்றவர்கள் நான்காம் நாள்தான் எஞ்சினைத் தந்தார்கள். கரைக்குக் கொண்டுவந்து வள்ளத்தில் மாட்டிய பிறகே கியர் சரியாக விழவில்லை என்பது தெரிந்து, மறுபடியும் சாக்கில் சுற்றி ஆட்டோவில் ஏற்ற வேண்டியதாயிற்று. ஆட்டோக் கூலியையும், எங்களோடு வரும் மற்ற இருவரும் வேலையில்லாமல் இருந்த நாட்களையும் சேர்த்துப் பார்த்தால், பழுதுக் கூலி அதில் ஒரு சிறு பகுதிதான்.

கரைப் பட்டறைக்காரர் எடுத்த எடுப்பில் எதையும் கழற்றவில்லை. நீலநிறப் பிளாஸ்டிக் டிரம் ஒன்றின் மேற்பகுதியை அறுத்து நல்ல தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார். பக்கத்தில் உள்ள மரச்சட்டத்தில் எஞ்சினை மாட்டி, அதன் அடிப்பகுதி டிரம்மில் மூழ்கும்படி இறக்கி, பெட்ரோலில் கிளப்பினார். ஓடும் எஞ்சினின் பக்கத்துத் துளையிலிருந்து தண்ணீர் பீச்சியடிக்க வேண்டும். எங்களுடையதில் நூல் போல வடிந்தது. சுட்டுவிரலை அதில் நீட்டிப் பார்த்தவர், "தண்ணி கொதிக்குது சாரே, பம்புச் சக்கரம் போயிருக்கும்" என்றார்.

அவர் சொன்னது சரியாகவே இருந்தது. கீழ்ப்பகுதியைக் கழற்றியபோது, கடல்நீரை மேலே ஏற்றும் ரப்பர் சக்கரத்தில் இரண்டு இதழ்கள் அடியோடு அறுந்திருந்தன; மற்றவை மணல் உரசித் தேய்ந்திருந்தன. புதுச் சக்கரம் வாங்கி மாட்டினால் முடிந்தது என்று நான் நினைத்தேன். அவரோ அறுந்த இதழ்களைத் தேடத் தொடங்கினார். அவை தண்ணீர்க் குழாயில் சிக்கிக் கிடந்தால் புதுச் சக்கரமும் பயன்படாது என்பது அவருடைய வாதம். கம்பி விட்டுக் குடைந்தும், வாய் வைத்து ஊதியும், ஒரு மணி நேரத்துக்கு மேல் செலவிட்டு இரண்டையும் எடுத்து என் கையில் வைத்த பிறகே மேற்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். இந்தப் பொறுமைக்காகவே நான் அவரைப் பரிந்துரைப்பேன். இடுப்பளவுத் தண்ணீரில் எஞ்சினைக் கிளப்பினால் அது மணலையும் சேர்த்து உறிஞ்சும், ஆழம் வந்த பிறகு கிளப்ப வேண்டும் என்றும், நிறுத்துவதற்குச் சற்று முன்பு மண்ணெண்ணெயிலிருந்து பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டினால் பிளக்கில் கரி சேர்வது குறையும் என்றும் தம்பியிடம் சொல்லி அனுப்பினார். தம்பிக்கு இது தெரியாததன்று, செய்யாததுதான்.

குறைகளும் இருக்கின்றன. உதிரிப் பொருள் எதையும் அவர் இருப்பு வைப்பதில்லை. சக்கரம் வாங்க நான்தான் மார்த்தாண்டம் வரை பைக்கில் போய் வந்தேன். சக்கரத்துக்கு 850 ரூபாயும் கூலியாக 500 ரூபாயும் ஆயின. ரசீது கிடையாது. வரிசை என்ற ஒன்றும் இல்லை. எனக்குப் பின்னால் வந்த உறவுக்காரர் ஒருவரின் கார்புரேட்டர் எனக்கு முன்பே சுத்தமாகிவிட்டது. ஆனாலும் காலை 8 மணிக்குக் கொடுத்த எஞ்சின் மாலை 4 மணிக்கு வள்ளத்தில் ஏறியது. பட்டறைக்காரரே கூட வந்து மாட்டி, கடலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். கரையிலேயே பட்டறை இருப்பதால்தான் இது முடிகிறது.

அந்த இடம் நிலைக்குமா என்பதுதான் என் கவலை. பட்டறைக்கு வடக்கே வலை பின்னும் தென்னந்தோப்பு இருந்தது; இப்போது அது சுற்றுலா வண்டிகள் நிற்கும் சிமெண்ட் தளம். வலைகளைப் பட்டறை வாசலில் போட்டுப் பின்னுகிறார்கள். தெற்கே கடலரிப்பைத் தடுக்கப் போட்ட கற்சுவர் வீடுகளைக் காப்பாற்றியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் வள்ளம் ஏற்றி இறக்குவதற்கு அதில் ஓர் இடைவெளிதான் மிச்சம், அதற்கு நேர் எதிரில்தான் பட்டறை. 2019-ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊரகக் கடற்கரைகளில், கட்டுமானம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைக்க வழி செய்தது. எங்கள் பக்கத்துக் கடலோர ஊர்களின் நெருக்கத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் புரியும். வலை பின்னும் இடம், ஏலக்கூடம், மீன் உலர்த்தும் தளம் ஆகியவற்றுக்குச் சட்டத்தில் இடமுண்டு. அவை கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்கப்படவும் வேண்டும். குறிக்கப்படாத இடத்தைத் தோப்பென்றோ புறம்போக்கென்றோ காட்டிவிடுவது எளிது. எங்கள் அப்பா காலத்துக் கட்டுமரத்துக்கு மெக்கானிக் தேவைப்படவில்லை. 1980-களில் முட்டத்தில் பிளைவுட் வள்ளம் கட்டத் தொடங்கி, பிறகு ஃபைபரும் எஞ்சினும் கரையெங்கும் பரவிய பின், ஐஸ் இல்லாமல் எப்படி முடியாதோ அப்படியே இந்தப் பட்டறை இல்லாமலும் முடியாது.

போக நினைப்பவர்கள் காலை 8 மணிக்கு முன் போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடலும் இல்லை, பட்டறையும் இல்லை. பிளக்கைக் கையோடு கொண்டுபோவது நல்லது; கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தயங்காமல் தருவார். ஆனி, ஆடியில் அலை பட்டறைக்குள் வந்துவிடும் நாட்களில் டிரம்மையும் மரச்சட்டத்தையும் தூக்கித் தன் வீட்டுத் திண்ணைக்கு மாற்றிவிடுவார். கோவிலுக்குப் பின்னால் மூன்றாவது தெரு, யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள்.