11,800 ரூபாய் சூட்கேஸ் முதல் பயணத்திலேயே பிளந்தது: வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்றும் அந்தக் கடைக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். ஆத்திரம் அடங்கும் முன்பே எழுதிவிடுகிறேன்.

விடுமுறைக்குக் குடும்பத்தோடு கோலாலம்பூர் போவதற்காக, சென்னை தியாகராய நகரில் பயணப் பெட்டிகள் மட்டுமே விற்கும் ஒரு கடையில் மூன்று சூட்கேஸ் அடங்கிய செட் வாங்கினோம். 11,800 ரூபாய். கடைக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெரிய பெட்டியின்மேல் ஏறி நின்றார். இறங்கியதும் அமுங்கிய இடம் மெல்ல எழும்பிப் பழைய நிலைக்கு வந்தது. “பாலிகார்பனேட் சார், ஐந்து வருடம் கியாரண்டி, கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் போங்கள்” என்றார். பாலிகார்பனேட் என்றால் வளைந்தாலும் எளிதில் உடையாத உறுதியான பிளாஸ்டிக். என் மனைவிக்கும் அவர் ஏறி நின்றதைப் பார்த்துத்தான் நம்பிக்கை வந்தது. பிறகு, “இது காட்சிக்கு வைத்தது, உங்களுக்குப் புதிதாகத் தருகிறேன்” என்று கிடங்கிலிருந்து அட்டைப்பெட்டியில் ஒட்டியபடி வரவழைத்துத் தந்தார். மோசடியே அங்கேதான். பில் கேட்டதற்கு பிரின்டர் பழுது, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்றார். வந்தது கடைப் பெயர்கூட இல்லாத ஓர் எஸ்டிமேட் சீட்டு.

பெரிய பெட்டியில் நாங்கள் வைத்தது துணிமணியும் குழந்தைகளின் சாமான்களும்தான். வீட்டுத் தராசில் 19 கிலோ. கோலாலம்பூர் விமான நிலையத்தில் அது வந்து சேர்ந்தபோது மூலை பிளந்து, ஒரு சக்கரம் கழன்று, மகளின் பாவாடை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பிளவைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக வரி ஓடியிருந்தது. ஏபிஎஸ் என்ற மலிவான பிளாஸ்டிக் வளைந்தால் அப்படி வெளுக்கும். 11,800 ரூபாய் வாங்கிக்கொண்டு மட்டமான சரக்கைத் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

விமான நிறுவனத்தின் கவுண்டரில் புகார் எழுதிக் கொடுத்தோம். பெட்டியின் சொந்தக் குறையால் வந்த சேதத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. ஊர் திரும்பிக் கடைக்குப் போனால், “விமானத்தில் தூக்கி எறிந்திருப்பார்கள், அவர்களிடம் கேளுங்கள்” என்கிறார். அடுத்த முறை முதலாளி ஊரில் இல்லை. அதற்கடுத்து, கியாரண்டி பூட்டுக்கு மட்டும்தானாம்! நேற்று, “பில் இருக்கிறதா சார்?” என்று என்னையே கேட்டார். பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம் என்றேன். “தாராளமாக வழக்குப் போடுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளருக்காகச் செருப்பைக் கழற்றினார். அதே பெட்டி, அதே வித்தை. 11,800 ரூபாய் கொடுத்த நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன்.

பெட்டி வாங்குவது பற்றி விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனம் ஓடவில்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். உங்களுக்குத் தரும் பெட்டியையே கடையில் பிரித்து, நடுவில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள், அமுங்கிய இடம் வெளுத்தால் வாங்காதீர்கள். எந்தப் பிளாஸ்டிக் என்பதையும் கியாரண்டியையும் ஜிஎஸ்டி பில்லிலேயே எழுதி வாங்குங்கள், எஸ்டிமேட் சீட்டு வேண்டாம். செக்-இன் செய்யுமுன் பெட்டியை நான்கு பக்கமும் படம் எடுங்கள். சேதமானால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் கொடுங்கள், சர்வதேச விமானப் பயணத்துக்கான மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, பெட்டி கைக்கு வந்ததிலிருந்து அதிகபட்சம் 7 நாள்தான் அவகாசம். முக்கியமாக, ஏறி நின்று காட்டும் கடையில் காசை எடுக்காதீர்கள்.