புந்தா அரேனஸில் எங்கே, எப்போது சாப்பிடலாம்?

சிலியின் தென்கோடியில், மெகல்லன் நீரிணைக் கரையில் இருக்கிறது புந்தா அரேனஸ். துறைமுக வேலைக்காகப் போய், சில வருடங்கள் அங்கேயே தங்கிவிட்டேன். அண்டார்டிகாவுக்கும் டோரஸ் டெல் பைனே தேசியப் பூங்காவுக்கும் போகிறவர்கள் ஒரே ஒரு ராத்திரி தங்கி, கண்ணில் பட்ட இடத்தில் எதையோ சாப்பிட்டுவிட்டு, "சாப்பாடு சுமார்தான்" என்று சொல்லும்போது எனக்கு ஆதங்கமாக இருக்கும். இந்த ஊரில் அருமையாகச் சாப்பிடலாம், இடமும் நேரமும் தெரிந்தால் போதும்.

காலையில் ரோக்கா தெருவில் இருக்கும் கியோஸ்கோ ரோக்காவுக்குப் போங்கள். சின்னக் கடை, பெரும்பாலும் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்ட பன்னைப் பிளந்து, சொரீசோ என்கிற மசாலா தொத்திறைச்சியை அரைத்துச் சட்னி மாதிரி உள்ளே தடவிச் சூடாகத் தருவார்கள். எண்ணெய் பன்னில் ஊறி, ஓரம் சிவந்திருக்கும். கூடவே ஒரு கிளாஸ் வாழைப்பழப் பால். கேட்க ஒட்டாத ஜோடிதான், ஆனால் காரமும் உப்புமான அந்த பன்னுக்கு அந்தப் பால்தான் சரி. ஒன்று போதாது, இரண்டாகவே சொல்லிவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள், அலுவலகம் போகிறவர்கள் என்று ஊரே அங்கே நிற்கும்.

மதியத்துக்கு முனிசிபல் மார்க்கெட். கீழே மீன் விற்பனை, மாடியில் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள். அங்கே சென்டோயா என்கிற பெரிய நண்டைச் சாப்பிடாமல் ஊரை விட்டுக் கிளம்பாதீர்கள். பிடிக்கும் பருவம் ஜூலை முதல் நவம்பர் வரை. பெண் நண்டைப் பிடிக்கக் கூடாது, ஓடு 12 சென்டிமீட்டருக்குக் குறைந்த ஆண் நண்டையும் தொடக் கூடாது. மற்ற மாதங்களில் கிடைப்பது உறைய வைத்தது, அதுவும் மோசமில்லை. ரொட்டி, பால், சீஸ் சேர்த்து மண்சட்டியில் சுட்டுத் தரும் 'சுப்பே' என்கிற நண்டுப் பண்டம் குளிர் நாளுக்கு இதம். என் ஓட்டு வெறுமனே வேகவைத்த நண்டுக்குத்தான். எலுமிச்சை பிழிந்தால் போதும், அந்த இனிப்பு நாக்கிலேயே நிற்கும்.

ஆட்டுக்கறி விஷயத்தில் நம் ஊர் நினைப்பைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஃபாக்லாந்து தீவுகளிலிருந்து வந்த செம்மறிகளால் பெருகிய ஊர் இது. முழு ஆட்டுக்குட்டியை இரும்புக் கம்பியில் விரித்துக் கட்டி, விறகு நெருப்புக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக நிறுத்தி வாட்டுவார்கள். உப்புத் தண்ணீர் தெளிப்பதைத் தவிர மசாலா எதுவும் கிடையாது. விலா எலும்புப் பகுதியைக் கேட்டு வாங்குங்கள், தோல் மொறுமொறுவென்றும் உள்ளே கொழுப்பு உருகியும் இருக்கும். காரம் வேண்டுமென்றால் பெப்ரே கேளுங்கள். தக்காளி, வெங்காயம், கொத்தமல்லி, மிளகாய் போட்ட தொக்கு மாதிரி ஒன்று. கொத்தமல்லி வாசனை வந்தாலே பாதி ஊர் திரும்பிய மாதிரி இருக்கும்.

சைவர்களுக்குச் சிரமம்தான். "இறைச்சி வேண்டாம்" என்றால் கோழியும் ஹாமும் வந்து சேரும், அதனால் எதெது கூடாது என்று தனித்தனியாகச் சொல்லுங்கள். சூப்பர் மார்க்கெட்டில் அரிசியும் பருப்பும் கிடைக்கும், அடுப்புள்ள அறை எடுத்தால் நிம்மதி.

கடற்கரையில் கிடக்கிற சிப்பியை மட்டும் நீங்களே பொறுக்கிச் சமைக்காதீர்கள். சிவப்பு அலை என்கிற கடல் நச்சு இந்தப் பகுதியில் அடிக்கடி வரும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும், எலுமிச்சை ஊற்றினாலும் அது போகாது, உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்குவது பரிசோதனை முடிந்து வருவது.

அப்புறம் நேரம். மதியச் சாப்பாடு ஒரு மணியிலிருந்து மூன்று வரை. ராத்திரிச் சமையல் எட்டு மணியை ஒட்டித்தான் சூடு பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை பல கடைகள் திறக்காது, சனிக்கிழமையே ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பில்லில் 10 சதவீதம் டிப்ஸ் சேர்க்கட்டுமா என்று கேட்பார்கள். கட்டாயமில்லை, ஆனால் அந்தக் காற்றிலும் குளிரிலும் வேலைக்கு வந்து பரிமாறுகிறவர்களுக்கு நான் எப்போதும் கொடுத்துவிடுவேன்.