கெர்னல் கான்ஃபிக்கோடு ஆறு வருஷம்: தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அனுபவம்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கிய பழைய டெல் லேட்டிட்யூட் என்னுடையது. வாங்கின நாள் முதல் லினக்ஸ் கெர்னலை (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) மூலக்கோடிலிருந்து நானே கம்பைல் செய்துதான் ஓட்டுகிறேன். அதில் எது வேண்டும், எது வேண்டாம் என்று குறித்துவைக்கும் பட்டியல்தான் கான்ஃபிக். வேகம் கூடும் என்ற ஆசையில் ஆரம்பித்தேன். கூடவில்லை, பேட்டரியும் ஒரு நிமிஷம்கூட அதிகம் நிற்கவில்லை. டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன் மாதிரி ரெடிமேட் லினக்ஸ் தொகுப்பு) தரும் கெர்னலே போதும் என்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பழக்கம் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

கெர்னல் மூலக்கோடில் 'டிரைவர்ஸ்/பிளாட்ஃபார்ம்/எக்ஸ்86' என்று ஒரு டைரக்டரி உண்டு. நெட்வொர்க் கார்டு, டிஸ்க் மாதிரி பொதுவான சாமான்கள் அதில் இல்லை. கீபோர்டு விளக்கு, எஃப்என் பட்டன்கள், வைஃபையை அணைக்கும் ஸ்விட்ச் என்று ஒவ்வொரு லேப்டாப் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் செய்துவைத்த விஷயங்களுக்கான டிரைவர்கள் அங்கே இருக்கின்றன. ஒரே வேலையை ஒரு கம்பெனி டபிள்யூஎம்ஐ வழியாகச் செய்யும், இன்னொன்று வேறு ஏசிபிஐ மெத்தட் வைத்திருக்கும் (இரண்டும் லேப்டாப்பின் ஃபர்ம்வேரோடு பேசும் வழிகள்). அதனால்தான் திங்க்பேடுக்குத் தனி, ஐடியாபேடுக்குத் தனி, அசூஸுக்குத் தனி. நம் மெஷினுக்கு இதில் இரண்டு மூன்று போதும், மீதி எல்லாம் 'என்' என்று நினைத்தேன். (கான்ஃபிக்கில் 'என்' என்றால் வேண்டாம், 'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே, 'எம்' என்றால் தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் தனி மாட்யூல். தமிழில் சொல்லும்போது 'என்' கொஞ்சம் குழப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

முதல் அடி கெர்னல் 5.10-இலிருந்து 5.15-க்குத் தாவியபோது விழுந்தது. வழக்கம்போல பழைய கான்ஃபிக் ஃபைலை காப்பி செய்து 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' அடித்தேன். புதிதாக வந்த கேள்விகளுக்கெல்லாம் டீஃபால்ட் பதிலை அதுவே போட்டுக்கொள்ளும். நம்மை ஒன்றும் கேட்காது. கம்பைல் ஆனது, பூட் ஆனது, எல்லாம் நலம். அன்றைக்கு ராத்திரி தெருவில் கரண்ட் போனது. கீபோர்டு விளக்கு சில விநாடியில் அணையாமல் அதிக நேரம் எரிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். அது எர்ரர் அடித்தது. சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களைக் கெர்னல் ஃபைல்களாகக் காட்டும் இடம்) 'டெல் கேபிடி பேக்லைட்' என்ற டைரக்டரியே இல்லை.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் கான்ஃபிக்கைத் திறந்து பார்த்தால், டெல் டிரைவர் ஒன்றுகூட இல்லை. நான் எதையும் தொடவில்லையே!

நடந்தது இதுதான். 2021 ஏப்ரலில் வந்த 5.12-இல் டெல் டிரைவர்களை எல்லாம் தனி டைரக்டரிக்கு மாற்றினார்கள். கூடவே அவற்றுக்கு மேலே 'எக்ஸ்86 பிளாட்ஃபார்ம் டிரைவர்ஸ் டெல்' என்று ஒரு புது ஆப்ஷனும் வந்தது. அதன் ஹெல்ப்பைப் படித்தால், இதனால் கெர்னலில் ஒரு வரி கோடுகூடச் சேராது, ஆனால் 'என்' சொன்னால் இதற்குக் கீழே உள்ள எல்லாமே அணைந்துவிடும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. அது வெறும் கேட். பழைய கான்ஃபிக்கில் அந்தப் பெயரே கிடையாது. எனவே டீஃபால்ட்டாக 'என்' விழுந்தது. கேட் மூடியதும் உள்ளே நான் 'எம்' போட்டு வைத்திருந்த அத்தனையும் சத்தமில்லாமல் போய்விட்டன. பின்னால் ஹெச்பி டிரைவர்களுக்கும் இதே மாதிரி ஒரு கேட் வந்தது.

இதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். நூறு கேள்விக்குப் பதிலாக ஒரே கேள்வியில் 'வேண்டாம்' சொல்லிப் போகிறவருக்கு அது வசதி. கேள்வியே கேட்காதே என்று சொல்லிவிட்டுத் தூங்கினவன் நான்.

அதைச் சரிசெய்யப் போன இடத்தில் இன்னொரு வேடிக்கை. 'டெல் லேப்டாப்' டிரைவருக்கு ஆத்திரத்தில் 'ஒய்' கொடுத்துப் பார்த்தேன். மெனுகான்ஃபிக் (கான்ஃபிக்கை மெனுவாகக் காட்டும் கருவி) 'எம்'முக்கு மேலே போகவே மாட்டேன் என்றது. எந்த ஆப்ஷனுக்கு எது தேவை என்று எழுதிவைத்திருக்கும் கேகான்ஃபிக் ஃபைலில் தேடினால் ஒரு வரி: ஆர்எஃப்கில் (வைஃபை, புளூடூத்தை அணைக்கும் பகுதி) இருக்க வேண்டும், அல்லது ஆர்எஃப்கில் 'என்' ஆக இருக்க வேண்டும். இருக்கணும் இல்லாட்டி இல்லாம இருக்கணும் என்று எந்தப் புண்ணியவான் எழுதினது என்று சிரித்தேன். பிறகுதான் விளங்கியது. ஆர்எஃப்கில் மாட்யூலாக இருந்தால், கெர்னலுக்குள்ளேயே கட்டிய டிரைவர் அதன் ஃபங்ஷனைக் கூப்பிட முடியாது, லிங்க் ஆகாது. ஆகவே அது 'எம்' என்றால் இதுவும் 'எம்' தான். அது 'ஒய்' என்றால் இதுவும் 'ஒய்' ஆகலாம். அது அறவே இல்லை என்றால் இதற்குத் தடையே இல்லை. மூன்று நிலையையும் ஒரே வரியில் அடக்கியிருக்கிறார்கள். எனக்கு ஆர்எஃப்கில் 'எம்'.

இந்த மாதிரி சமயத்தில் மெனுகான்ஃபிக்கில் சாய்கோடு அடித்துத் தேடினால் எது எதை நம்பி நிற்கிறது என்று காட்டும். இசட் அடித்தால் மறைந்திருக்கும் ஆப்ஷன்களும் தெரியும். ஆறு வருஷத்தில் நான் அதிகம் தட்டிய இரண்டு கீ இவைதான்.

இரண்டாவது அடி காசிமேட்டில். 'லோக்கல்மாட்கான்ஃபிக்' என்று ஒன்று உண்டு. அந்த நிமிஷம் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிடும். என் மெஷினில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய கம்பைல் அரை மணிக்கு இறங்கியது. சந்தோஷத்தில் அந்தக் கெர்னலோடு, படகுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் பார்த்துக் கொடுக்கும் நண்பர் ஒருவரோடு துறைமுகத்துக்குப் போனேன். ஜிபிஎஸ்ஸிலிருந்து 4800 பாட் வேகத்தில் வரும் என்எம்இஏ வரிகளை (கடல் கருவிகள் தகவல் அனுப்பும் வடிவம்) படிக்க வேண்டும். யூஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டரைச் சொருகினேன். ஒன்றும் வரவில்லை. கான்ஃபிக்கை வெட்டிய நேரத்தில் அந்தக் கன்வெர்ட்டர் வீட்டில் டப்பாவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது, அதற்கான சிஹெச்341 மாட்யூல் ஏறியிருக்கவில்லை, வெட்டுப்பட்டுப் போனது.

"இன்னா நைனா, ஊரு கம்ப்யூட்டர்லாம் சொருகினா வருது, உன்னுது மட்டும் ஏன் மொறைக்குது?" என்றார் படகுக்காரர். டிஸ்ட்ரோவின் பழைய கெர்னல் கிரப் மெனுவில் (பூட் ஆகும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் இடம்) இருந்ததால் மானம் தப்பியது.

அதன் பிறகு எல்எம்சி கீப் என்ற வேரியபிளில் யூஎஸ்பி டைரக்டரியைக் கொடுத்துத்தான் வெட்டுகிறேன். அதில் இருப்பதைக் கத்தி தொடாது. ஓல்ட்டெஃப்கான்ஃபிக்கைக் கைவிட்டாயிற்று. முதலில் 'லிஸ்ட்நியூகான்ஃபிக்' போட்டுப் புதிய பெயர்களைப் பார்க்கிறேன், அப்புறம் 'ஓல்ட்கான்ஃபிக்'கில் ஒவ்வொரு கேள்விக்கும் கையால் பதில். அரை மணி நேரம் போகும், ஒரு டம்ளர் டீ ஆறிப்போகும். முடிந்ததும் 'டிஃப்கான்ஃபிக்' ஸ்கிரிப்டில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டு, மைனஸ் குறி போட்டு வரும் வரிகளை மட்டும் உன்னிப்பாகப் படிப்பேன். காணாமல் போனவை அங்கேதான் வரும்.

போன வாரம் புது கெர்னல் ஏற்றினேன். மைனஸ் வரி நாலு. மூன்று எனக்குச் சம்பந்தமில்லாதவை. நாலாவதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், அதுவரை பழைய கெர்னலில்தான் ஓடுகிறது.