ஒற்றை மெசேஜா, தனித்தனி கால்பேக்கா?

லினக்ஸில் பழைய டிரைவரை (சாதனத்தை இயக்கும் மென்பொருளை) தொடுபவர்களுக்கு வரும் குழப்பம் இது: கணினி போகும் உறக்க நிலையை ஒரே மதிப்பாக வாங்குவதா (பிஎம்_மெசேஜ்_டி), ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி கால்பேக் (கெர்னல் அழைக்கும் ஃபங்ஷன்) வைப்பதா (டெவ்_பிஎம்_ஆப்ஸ்)?

பொருள் தெளிவு
மெசேஜ்: அதற்கும் முன்பு வெறும் எண்தான் வந்தது. 3 என்றால் கணினியின் எஸ்3 நிலையா (முழுக் கணினியின் உறக்கம்), சாதனத்தின் டி3 நிலையா (அந்த ஒரு சாதனத்தின் உறக்கம்)? இரண்டும் வேறு, பலர் ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள். பிஎம்_மெசேஜ்_டி என்ற தனி டைப் வந்தபின் அது குறைந்தது, ஆனாலும் உள்ளே இஃப் போட்டுப் பிரிக்க வேண்டும்.
கால்பேக்: பெயரே பொருள் சொல்லிவிடும்.

ஹைபர்னேஷன்
நினைவகத்தின் படத்தை வட்டில் எழுதிவிட்டுக் கணினியை அணைப்பதுதான் ஹைபர்னேஷன். இங்கேதான் உண்மையான வித்தியாசம். நினைவகத்தைப் படமெடுக்கும் நேரத்தில் நெட்வொர்க் கார்டு டிஎம்ஏ (சிபியு இல்லாமல் சாதனமே நினைவகத்தில் எழுதும் வழி) வழியாக ஒரு பாக்கெட்டை எழுதினால் படம் கெட்டுவிடும். அதனால் படமெடுக்குமுன் வரும் ஃப்ரீஸ் கட்டத்தில் டிஎம்ஏவை நிறுத்தினால் போதும், மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டியதில்லை. படத்தை வட்டில் எழுதுவதற்காக, சாதனங்களை மறுபடி இயக்கும் ‘தாவ்’ (thaw) கட்டம் உடனே வந்துவிடும். ஒற்றை ஃபங்ஷனில் இந்த வேறுபாட்டை மறப்பது மிகச் சுலபம்.

எழுதும் வேலை
மெசேஜ்: பிசிஐ (கார்டுகளை இணைக்கும் பஸ்) டிரைவரே கான்ஃபிக் ஸ்பேஸைச் (சாதனத்தின் அமைப்புகள் இருக்கும் இடத்தை) சேமித்து, டி நிலையை மாற்ற வேண்டும்.
கால்பேக்: அதை பிசிஐ கோர் (கெர்னலின் பொதுவான பிசிஐ பகுதி) பார்த்துக்கொள்ளும். ஆறு ஃபங்ஷன் எழுத வேண்டுமோ என்று பயம் வேண்டாம். சஸ்பெண்ட், ரெஸ்யூம் இரண்டை மட்டும் கொடுத்தால் மீதியை கெர்னலில் உள்ள மேக்ரோ நிரப்பும்.

புது டிரைவருக்கு யோசிக்கவே வேண்டாம், கால்பேக்தான். சோதிக்கக் கையில் ஹார்டுவேர் இல்லாத பழைய டிரைவரை மட்டும் இப்போதைக்கு அப்படியே விடலாம்.