பீர் ரொட்டியா, மோர் ரொட்டியா?

ஈஸ்ட் இல்லை, பிசையும் வேலை இல்லை, ஒரு மணி நேரத்தில் ரொட்டி மேசைக்கு வந்துவிட வேண்டும். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் இதற்கு மூன்று வழிகள் உண்டு: பீர், புளித்த மோர், கடைச் சோடா. என் ஓட்டு பெரும்பாலான நாட்களில் மோருக்குத்தான். ஆனால் பீர் தோற்றுப்போகும் இடங்களும் அது வெல்லும் இடங்களும் பலர் நினைப்பவை அல்ல.

பீர் ரொட்டிக்கு மூன்று கப் மைதா (சுமார் 375 கிராம்), மூன்று டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு மேசைக்கரண்டி நாட்டுச்சர்க்கரை, 325 மில்லி பீர் வேண்டும். 650 மில்லி பாட்டிலில் சரிபாதி. கட்டி இருந்தாலும் பரவாயில்லை, அதிகம் கிளறாமல் கலந்து டின்னில் போட்டு, மேலே உருக்கிய வெண்ணெயை ஊற்றி, 180 டிகிரியில் 45 முதல் 50 நிமிடம் சுட வேண்டும்.

பீரிலுள்ள ஈஸ்ட்தான் ரொட்டியை உப்பவைக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். பாட்டில் பீரை வடிகட்டிச் சூடுபடுத்தித்தான் அடைக்கிறார்கள். அதில் உயிருள்ள ஈஸ்ட் அநேகமாக இருக்காது. இருந்தாலும் ஒரு மணி நேரம் அதற்குப் போதாது. உப்பவைப்பது பேக்கிங் பவுடர். பீரின் வாயு கொஞ்சம் கைகொடுக்கிறது. ஆகவே பீருக்குக் கொடுக்கும் காசு முழுக்கச் சுவைக்கான காசு: மால்ட்டின் வறுத்த வாசனை, பின்னால் வரும் மெல்லிய கசப்பு. ஸ்ட்ராங் வகை வேண்டாம், அதில் சாராய நெடி தூக்கலாகத் தெரியும். சாதாரண லாகர் போதும்.

அந்தக் கசப்புக்கு ஏற்ற ஜோடி செட்டிநாட்டில் இருக்கிறது. மிளகும் சோம்பும் கல்பாசியும் ஏறிய கோழிக் குழம்பு, நண்டு மசாலா ஆகியவற்றில் தோய்த்தால் பீர் ரொட்டி தனித்து நிற்கிறது. அந்த இடத்தில் மோர் ரொட்டி சற்றுச் சப்பென்றுதான் இருக்கும்.

மோர் ரொட்டிக்கு அதே மைதா, அதே உப்பு. பேக்கிங் பவுடருக்குப் பதில் முக்கால் டீஸ்பூன் சமையல் சோடா. நீர்மோர் உதவாது. நன்கு புளித்த தயிரில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கடைந்த கெட்டி மோராக 350 மில்லி வேண்டும். மோரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்ததுமே வாயு கிளம்பிவிடும் என்பதால் கலந்த கையோடு அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். சோடா கூடினால் சவுக்காரச் சுவை வரும். மைதாவில் மூன்றில் ஒரு பங்கைக் கோதுமை மாவாக மாற்றினாலும் இது தாங்கும்.

ஓவன் இல்லாத வீட்டில் கணக்கு இன்னும் தெளிவு. கேஸ்கெட்டும் வெயிட்டும் எடுத்த குக்கரில் உப்பைப் பரப்பிச் சுட்டால் ரொட்டி வேகும், மேல்பக்கம் சிவக்காது. வெண்ணெயில் முறுகிய மேலோடுதான் பீர் ரொட்டியின் பாதி அழகு. அது போனபின் பீர் எதற்கு?

குடிக்கிற கடைச் சோடாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பேக்கிங் பவுடரோடு சேர்த்தால் ரொட்டி உப்பும், சுவை ஒன்றும் சேராது. தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகலாம்.

அடுத்து வீட்டு நிலவரம். டாஸ்மாக் பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். காலைப் பலகாரத்துக்கு பீர் ரொட்டி என்றால் முதல் நாளே பாட்டில் வீட்டுக்குள் வந்தாக வேண்டும். முன்னோருக்குப் படைப்பு நடக்கும் வீட்டிலும், பிள்ளையார் நோன்பு நாட்களிலும் ஆச்சி அதற்கு ஒப்புவார்களா என்பதை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். சுட்டால் ஆல்கஹால் முழுதும் ஆவியாகிவிடும் என்று அவர்களைச் சமாதானப்படுத்தவும் முடியாது. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி, மாவில் கலந்து அரை மணி நேரம் சுட்டால் 35 சதவீதமும், ஒரு மணி நேரம் சுட்டால் 25 சதவீதமும் தங்கிவிடும். ஒரு துண்டில் அது சொற்பம்தான். ஆனாலும் குழந்தைகளுக்கோ, மதுவைத் தொடாதவர்களுக்கோ சொல்லாமல் பரிமாறுவது தவறு.

இரண்டுமே மறுநாள் உலர்ந்துவிடும். துண்டு போட்டு தோசைக்கல்லில் நெய் விட்டு வாட்டினால் பீர் ரொட்டி மீண்டும் மணக்கும். உதிர்த்து உப்புமா கிளறுவதற்கு மட்டும் மோர் ரொட்டியை எடுங்கள். பீரின் கசப்பு கடுகு, கறிவேப்பிலைத் தாளிப்போடு ஒட்டுவதில்லை.